நூற்றறுபத்தெட்டுக் கண்ணியும் ராமாமணியின் கையும்

ராமாமணி ஒருவரை அடிப்பதற்கு முன்னால் மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். “ஏனுங்க, சித்தெ இப்படி வாங்க” என்பாள். குரலில் தேன் வடியும். விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடிவிடுவார்கள். விவரம் தெரியாதவன் பக்கத்தில் வருவான், வாங்கிக்கொண்டு போவான். கோயமுத்தூர்க்காரர்களுக்கு மரியாதை ரத்தத்திலேயே ஊறியது என்று நாடெல்லாம் பேசுகிறார்களே, அது முழுக்க உண்மை. பல்லை உடைத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் உடைப்பார்கள்.

ராமாமணிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. சுந்தராபுரத்தில், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், அப்துல் வஹீது பட்டறையில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓட்டுகிறவள். நாயுடு வீட்டுப் பெண். நாயுடு என்றதும் மில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இவள் அப்பா மில்லில் நூல் சுற்றியவர். மில் வைத்திருந்த சொந்தக்காரர்களும் உண்டுதான், கல்யாணப் பத்திரிகை அனுப்புவதோடு அந்த உறவு முடிந்துவிடும். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும். ஆகவே அந்த வீட்டில் பெரும்பாலும் தமிழ்தான்.

பத்தொன்பது வயதில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டிரில்லிங் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு ஃபோர்மேன் இருந்தான். புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லித் தருகிறேன் என்று பின்னால் வந்து நின்று இடுப்பில் கை வைப்பான். இவள் இடுப்பிலும் வைத்தான். பெஞ்சில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது. எடுத்து ஒரே போடு. தோள் எலும்பு முறிந்த சத்தம் கம்ப்ரசர் இரைச்சலையும் மீறிக் கேட்டது என்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். விழுந்தவனையும் விடவில்லை, முட்டியில் இன்னொன்று போட்டாள். பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி ஓடிப்போய் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். போட வேண்டிய அடிதான் அது, யார் இல்லை என்றது?

ஆனால் அந்தக் கைதட்டல்தான் வினையாகப் போனது. அடித்தால் நியாயம் கிடைக்கும் என்று கை கற்றுக்கொண்டது. அதற்கப்புறம் நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது யாரையும் கேட்கவில்லை. அடுத்த கம்பெனியில் டீயை ஆறவிட்டுக் கொண்டுவந்த ஆளுக்கு மூக்கில் ரத்தம். அதற்கடுத்த இடத்தில் அளவு பார்க்கிற வெர்னியரைக் கீழே போட்ட ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து பெஞ்சில் மோதினாள்; நெற்றியில் நாலு தையல். ஏழு பட்டறை மாறினாள். எங்கும் வேலையில் குறை சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றியபிறகுதான் அனுப்பினார்கள்.

எட்டாவதாகத்தான் வஹீது பாய் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், அறுபது வயது. மூன்று தலைமுறையாக இரும்போடு மல்லுக்கு நிற்கிற குடும்பம். இவள் கதை முழுக்கத் தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார். ஏனென்றால், ஒரு மயிரிழையைப் பத்தாகப் பிளந்து அதில் ஒன்றைக் குறைக்கச் சொன்னாலும் குறைக்கிற கை அது. “தங்கச்சி, உன் கை மெஷின் மேல இருக்கற வரைக்கும் எனக்கு நிம்மதி. மெஷினை விட்டு வெளிய வந்தாத்தான் பயமா இருக்கு” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். இரண்டு தடவை பொறுத்துக்கொள்வேன், மூன்றாவது தடவை பட்டறைக்குள் யார் மேலாவது கை வைத்தால் மெஷினை விட்டு இறங்கிவிட வேண்டும். ராமாமணி சம்மதித்தாள். இந்த இடமும் போனால் வேறு இடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கணபதியிலிருந்து குறிச்சி வரை அவளைச் சேர்த்துக்கொள்ள ஒரு பட்டறையும் மிச்சமில்லை. மெஷின் இல்லாத ராமாமணியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் அழகிரிசாமி இருந்தார், அவள் புருஷன். அவர் வேலை பார்த்த மில் மூடிப்போய் வருஷக்கணக்காயிற்று. சமையல், துணி, மதியம் பட்டறைக்கு டிபன் கேரியர் கொண்டுவருவது எல்லாம் அவர் பொறுப்பு. உரக்கப் பேசத் தெரியாத மனுஷர். ராமாமணி அவரையும் அடிப்பாள். ஆனால் அதை அவள் அடி என்று நினைத்ததேயில்லை. “ஒரு தட்டு தட்டினேன்” என்பாள். ரசத்தில் உப்புக் கூடினால் கரண்டியால், கதவு திறக்க நேரமானால் கையால். ஒரு தட்டில் கடைவாய்ப் பல் போனது. இன்னொரு தட்டில் இடது காது பாதி கேட்காமல் போனது. தெருவில் யாராவது கேட்டால், “ஸ்கூட்டர்ல இருந்து உளுந்துபோட்டேனுங்க” என்பார். மகள் ஷ்ரவ்யாவுக்கு சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம்தான், ஆனாலும் ஹாஸ்டலில் இருக்கிறாள். டிராபிக் ஜாஸ்தி என்று காரணம் சொன்னாள். ராமாமணி அதை நம்பினாள்.

போன கார்த்திகையில் குன்னூரிலிருந்து ஒரு மேஜர் வந்தார். ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் தாம் ஓட்டிய டாங்கியை ஆறில் ஒரு பங்கு அளவில் அப்படியே இரும்பில் செய்துகொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜை நீளத்துக்கு உடம்பு, குழல், கூண்டு எல்லாம் தயார். சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற சங்கிலிப் பட்டைதான் பாக்கி. இரண்டு பட்டறைகள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தன.

“ஒரு பக்கத்துக்கு எண்பத்திநாலு லிங்க். ரெண்டு பக்கமும் நூத்தி அறுபத்தெட்டு. ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கணும்” என்றார்.

ஒவ்வொரு கண்ணியும் மூன்று விரல் அகலம்தான். ஒரு ஓரத்தில் மூன்று காது, மறு ஓரத்தில் இரண்டு காது. இதன் இரண்டு காதும் அடுத்ததன் மூன்று காதுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். எல்லாக் காதுக்குள்ளும் ஒரே துளை, அதில் ஒரு பின். அந்தப் பின்னைத் தட்டி இறக்கக் கூடாது. மேலே வைத்தால் தன் பாரத்திலேயே இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஒரு கண்ணியில் மயிரிழை தப்பினால் கண்ணுக்கே தெரியாது. எண்பத்துநாலிலும் அதே மயிரிழை தப்பினால், முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் விரல்கடை தூரத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும், சேராது.

ராமாமணிக்கு அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. கண்ணிகளை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்சரைச் செய்யவே ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு வெட்டத் தொடங்கினாள். பென்சிலை விட ஒல்லியான கட்டர், இரும்பைக் கண்டால் கிறீச்சிட்டுக் கொண்டு உள்ளே பாயும். சூடான சுருள்கள் தெறித்துக் கழுத்தில் ஒட்டும். தோல் கருகுகிற வாசம் வரும். அவள் கையை எடுக்க மாட்டாள். கட்டர் ஒடிந்தால் துண்டு சுவரில் போய்க் குத்தி நிற்கும். பிசிறு கிழித்து விரல்களிலெல்லாம் ரத்தம் கசிந்து கூலன்ட் எண்ணெயோடு கலந்து ஓடும். அவளுக்கு அதெல்லாம் சுகமாக இருந்தது. உள்ளே கொதிக்கிறதையெல்லாம் இரும்பு வாங்கிக்கொண்டது.

அந்த மூன்று மாதத்தில் பட்டறைக்குள் ஒரே ஒரு அறைதான். அதை வாங்கியவன் மாசாணம். ஆனைமலைப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயசு, துளை போட்டுப் பிசிறு எடுக்கிற வேலை. ஒரு தட்டுக் கண்ணிகளைத் தரையில் கவிழ்த்துவிட்டான். காது ஜிவ்வென்று இரைகிற மாதிரி ஒன்று விட்டாள். வந்த புதிதிலேயே லாரி டிரைவர் ஒருவனைத் தள்ளிவிட்டது ஒன்று, இது இரண்டு. வஹீது பாய் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

தை மாதக் கடைசியில் நூற்றறுபத்தெட்டும் முடிந்தன. இனி பின் போட்டுக் கோக்க வேண்டியதுதான். எப்படி ஓடுகிறது பார்ப்போம் என்று எட்டுக் கண்ணிகளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில், இட்லி வேகிற நேரத்தில், கூடத்தில் உட்கார்ந்து கோத்துப் பார்த்தாள். முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கனமாக, பாம்பு மாதிரி வளைந்து கொடுத்தது. அழகிரிசாமியைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். அவர் கை வழுக்கி, தொங்கிய முனை தரையில் ‘டங்’கென்று இடித்தது.

“ஏனுங்க, கண்ணை எங்கீங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, கையிலிருந்த சங்கிலியை அப்படியே சுழற்றி அவர் முதுகில் வீசினாள். இரண்டு வீச்சு. அவர் “ம்” என்று மட்டும் சொன்னார். ராமாமணி சங்கிலியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு காதாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்றிருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் வஹீது பாயும் பட்டறையின் மற்ற இரண்டு ஆட்களும் ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். ராமாமணி பின்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தக் குறிச்சிக்குக் கொண்டுபோனாள். போவதற்கு முன், ஒரு பக்கத்துக் கண்ணிகளை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுபக்கத்து எண்பத்துநாலையும் துடைத்து, எண்ணெய் பூசி, பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக அடுக்கி வைத்தாள். மாசாணம் மட்டும் இருந்தான். அவனும் வெளியே வேப்பமரத்தடியில் போனைக் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தவள் பெஞ்சைப் பார்த்தாள்.

எண்பத்துநாலு கண்ணிகளும் அதே துணியில், அதே வரிசையில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு காதும் நசுங்கியிருந்தது. துளைகள் மூடிப்போயிருந்தன. பக்கத்தில் சுத்தியல். சத்தம் கேட்கவில்லையா என்றால், பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் வேறு நாள் முழுக்க அடிக்கிறது. டிபன் கேரியர் வழக்கமான இடத்தில் இருந்தது. மூன்று மாதம்! கழுத்தெல்லாம் பொசுங்கப் பொசுங்க அறுத்தெடுத்த மூன்று மாதம்! அழுகை வரவில்லை. வாசலுக்கு வந்தாள்.

“மாசாணம், சித்தெ உள்ள வாங்க.”

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து டிரில்லிங் மெஷின் தூணில் அவன் தலையை மோதினாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. “எதுக்குங்க ஒடைச்சீங்க? சொல்லுங்க, எதுக்குங்க?” என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தான், வாயிலேயே ஒரு குத்து. கீழே விழுந்தவன் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் மாட்டுகிற கைப்பிடி அவள் கைக்கு அகப்பட்டது. அதால் அந்தக் கையில் போட்டாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவன் போட்ட அலறலில் பக்கத்து ஷெட்டில் பிரஸ் நின்றது. வஹீது பாய் தலையில் தொப்பியோடு ஓடிவந்து இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டி இழுத்தார். அப்போதும் அவள் கால் மாசாணத்தின் விலாவைத் தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாசாணம் மாவுக்கட்டோடு பட்டறைக்கு வந்தான். புருவத்தில் ஆறு தையல். உதடு வீங்கிப் பேச்சு சரியாக வரவில்லை.

“பாய், நான் போலீஸுக்குப் போகலீங்க. எங்கூரு ஆத்தா இருக்கறா. பொய்யா அவ கல்லுல மொளகா அரைச்சவன் கை வெந்துபோகும்னு எங்கூருல பச்சக்கொழந்தைக்கும் தெரியும். நான் வந்து அரைக்கறேன். ஒடைச்சது ஆரோ அவன் கை எரியட்டும்னு அரைக்கறேன். நானாயிருந்தா என் கையே எரியட்டும்.”

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், அடிபட்டவர்கள் அங்கே போய் வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். மிளகாய் எரிகிற எரிச்சல் குற்றம் செய்தவனைப் போய்ப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. கோர்ட்டுக்குப் பயப்படாதவன்கூட அந்தக் கல்லுக்குப் பயப்படுவான்.

வஹீது பாய் தாடியைத் தடவினார். “உங்க சாமி கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் நம்பறீங்க. கேட்டுக்க தங்கச்சி, அவன் அரைக்காம ஓடிட்டான்னா நீ அடிச்சது எனக்காக அடிச்சதுன்னு விட்டுடறேன். அரைச்சுட்டான்னா அவன் பண்ணலை. அப்ப இது மூணாவது தடவை. மெஷினை விட்டு இறங்கிடணும்.”

“அரைக்க மாட்டானுங்க பாய். பாருங்க நீங்க” என்றாள் ராமாமணி.

செவ்வாய்க்கிழமை காலை வஹீது பாயின் ஆம்னி வேனில் நான்கு பேரும் கிளம்பினார்கள். பாய் ஓட்ட, பக்கத்தில் மாசாணம். பின்னால் ராமாமணியும், மிளகாய்ப் பொட்டலமும் பூவும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அழகிரிசாமியும். அவரைத் துணைக்கு வாங்க என்று இவள்தான் கூட்டிவந்தாள். அம்மன் காலடியில் வைப்பதற்கென்று நசுங்கிய கண்ணி ஒன்றையும் எடுத்து வந்திருந்தாள். கிணத்துக்கடவு தாண்டும்போது அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முதல்முறையாக நிதானமாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு காதிலும் ஒரே ஒரு அடி. அடி விழுந்த தடம் நகக்கீறல் மாதிரி பிறை வடிவத்தில் இருந்தது. சுத்தியலின் முகம் தட்டையாக விழவில்லை, ஓரம் விழுந்திருக்கிறது. சுத்தியல் பிடித்துப் பழகியவன் எவனும் இப்படி அடிக்க மாட்டான். மாசாணம் பதினாறு வயசிலிருந்து சுத்தியல் பிடிக்கிறவன். அதுவும் ஆத்திரத்தில் அடித்தவன் கண்டபடி அடித்திருப்பான், நாலு தெறித்து மூலைக்குப் போயிருக்கும். இது யாரோ பொறுமையாக உட்கார்ந்து, ஒன்றை எடுத்து, காதுக்கு ஒரு அடி கொடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, அடுத்ததை எடுத்திருக்கிறார்கள். எண்பத்துநாலு தடவை.

இவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. முன்னால் மாசாணத்தின் தலை வேன் குலுங்கும்போதெல்லாம் வலியில் ஒரு பக்கம் சாய்ந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மெஷின் போய்விடும். கோயில் வாசலில் இவன் பயந்து பின்வாங்கினாலும் வாங்குவான், யார் கண்டது? கண்ணியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். என்ன மனுஷி பாருங்கள்!

கோயிலில் நல்ல கூட்டம். வஹீது பாய் வேனோடு வெளியே நின்றுகொண்டார். அம்மன் மல்லாந்து படுத்திருக்கிற சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, மூன்று பேரும் அரைகற்கள் இருக்கிற இடத்துக்கு வந்தார்கள். காற்றெல்லாம் மிளகாய் நெடி. ஆளாளுக்கு இருமிக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் அரைத்தார்கள். ஒரு கல் காலியானது. மாசாணம் கொஞ்சமும் தயங்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்து, தன் மடியிலிருந்த மிளகாயைக் கல்லில் போட்டு, இடது கையால் குழவியைப் பிடித்தான்.

ஒற்றைக் கையால் குழவி நகரவில்லை. இரண்டு தடவை வழுக்கியது. வலது கையை வைத்து அழுத்தப் பார்த்தான், வலியில் முகம் கோணிப்போனது. நிமிர்ந்து பார்த்தான்.

“மாமா, சித்தெ அந்தப் பக்கம் புடிக்கறீங்களா? ஒடைச்சவன் கை எரியோணும், நல்லா மைய அரைக்கோணும்.”

அழகிரிசாமி பையைக் கீழே வைத்தார். எதிரில் உட்கார்ந்து குழவியின் மறுமுனையைப் பிடித்தார். ஒரு தடவை இழுத்தார். இரண்டாவது தடவை இழுக்கும்போது குழவி கல்லில் தடதடவென்று அடித்துக்கொண்டது. கையை எடுத்துவிட்டார்.

“நிறுத்திக்கோ மாசாணம். நீ அரைக்க வேண்டாம். ஒடைச்சது நாந்தான்.”

ராமாமணிக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. “ஏனுங்க, வெயில்ல வந்து கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்களா?” என்றாள்.

“இல்ல அம்மணி. வெள்ளிக்கெழமை கேரியர் கொண்டாந்தேன். ஆரையும் காணோம். முதுகு திகுதிகுன்னு எரிஞ்சுது, சாய முடியலை, அங்கயே உக்கோந்தேன். முன்னால அதுங்க கெடந்துது. தொடைச்சு, எண்ணெ பூசி, வெள்ளத்துணி விரிச்சுப் படுக்க வெச்சிருந்தே. காலைல என்னைய அடிச்சுப்போட்டு, அதுக்கு அடிபட்டுச்சான்னுதானே தூக்கிப் பாத்தே? என் முதுகைப் பாத்தியா நீ?” அவர் குரல் உயரவே இல்லை. “நீ இவனை அடிப்பேன்னு நெனைக்கலை. அது என் தப்பு. நாலு நாளாச் சொல்லோணும், சொல்லோணும்னு இருந்தேன். உனக்குப் பயந்துகிட்டுச் சொல்லலை. மாசாணம், என்னைய மன்னிச்சுக்கப்பா.”

அவள் கை அவர் கன்னத்துக்குப் போய்விட்டது. அவளே தடுத்திருந்தாலும் நின்றிருக்குமா என்று தெரியாது. பளாரென்று ஒரு அறை, புறங்கையால் இன்னொன்று. அழகிரிசாமி பக்கத்துக் கல்லில் போய் இடித்துக்கொண்டார். உதடு கிழிந்து ரத்தம் வேட்டியில் சொட்டியது. “ஏ அம்மணி, கோயிலுக்குள்ளயா! அட, அந்தப் பொம்பளையைப் புடிங்கப்பா!” என்று நாலா பக்கமிருந்தும் சத்தம் போட்டார்கள். மூன்றாவது தடவை கை ஓங்கியபோது மாசாணம் மாவுக்கட்டுப் போட்ட தன் கையைக் குறுக்கே நீட்டினான். அதன் மேல் அடிக்க அவளால் முடியவில்லை. மூச்சு வாங்க நின்றாள்.

அழகிரிசாமி எழுந்து உட்கார்ந்தார். துண்டால் உதட்டைத் துடைத்தார். பிறகு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிற ஆள் மாதிரி, மறுபடி அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழவியைப் பிடித்தார். பையை இழுத்து, அவள் வாங்கிவைத்திருந்த மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, அதையும் முழுக்கக் கல்லில் கொட்டினார்.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

“அரைக்கறேன்.”

“ஆருக்குங்க?”

குழவி முன்னும் பின்னும் போனது. சிவப்பாக, ஈரமாக, விழுது கல்லின் ஓரத்தில் சேர்ந்தது. நெடி ஏறி ராமாமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மெஷின் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வெளியே வேனுக்குப் போனால் பாய் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ஆனால் இந்த நேரத்தில் அதுகூடப் பெரிதாகப் படவில்லை. இவர் இந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை.

“வேண்டாமுங்க. எந்திரிங்க, ஊட்டுக்குப் போயிரலாமுங்க. என்னைய ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சுப்போடுங்க. இது மட்டும் வேண்டாமுங்க.”

அவர் விழுதை உள்ளங்கையில் வழித்து எடுத்தார். கிழிந்த உதட்டை ஒரு முறை நாக்கால் நனைத்துக்கொண்டார். எழுந்து நீதிக்கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, அவர் வாழ்க்கையில் அதுவரை பேசாத சத்தத்தில் பேசினார்.

“ஆத்தா, சுந்தராபுரம் ராமாமணி. என் பொண்டாட்டி. இருபத்தஞ்சு வருஷம்.”

பூசினார். ஒரு இடம் விடாமல், மெதுவாகப் பூசினார். மாசாணம் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அவர் கை கழுவுவதற்காகப் பக்கத்தில் காத்து நின்றான்.